பாம்படக் காது

1996-இல் பிளஸ் டூ முடித்த கையோடு கோவில்பட்டியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். ரசீது எழுதவும் ஆல்பத்தில் படம் ஒட்டவும்தான் என்னை எடுத்தார்கள். மாடிப்படிக்குக் கீழே, உட்கார்ந்தால் முழங்கால் சுவரில் இடிக்கிற இடத்தில், டச்சிங் மேசை இருந்தது. சாய்வான பலகை, நடுவில் பால் கண்ணாடி, அதற்குப் பின்னால் ஒரு பல்பு. அண்ணாச்சி அங்கேதான் இருப்பார். முப்பது வருடமாக நெகட்டிவில் பென்சில் வேலை செய்தவர். ஊசிபோலச் சீவிய ஈயத்தின் முனையை உப்புத்தாளில் உருட்டிக்கொண்டே பேசுவார்.

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். முகத்தில் கறுப்பாகத் தெரிகிற பரு, நெகட்டிவில் வெளிறிய புள்ளியாக இருக்கும். பிசின் மாதிரி ஒரு மீடியத்தைப் பஞ்சால் தடவி, காயவிட்டு, அந்தப் புள்ளிக்குள் மட்டும் கமா அளவில் பென்சிலால் கீற வேண்டும். கீறிய இடம் பிரிண்டில் வெளுத்து, சுற்றியுள்ள தோலோடு சேர்ந்துவிடும். கொஞ்சம் அதிகமானால் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். அழிக்க வேண்டுமென்றால் மீடியத்தையே துடைத்தாக வேண்டும். காலையிலிருந்து செய்த வேலையும் அதோடு போகும்.

எனக்கு ஆசை வந்து, கற்றுத்தரச் சொல்லிக் கேட்டேன். ஒரு பாஸ்போர்ட் நெகட்டிவைக் கண்ணாடியில் வைத்துவிட்டு, "பாத்துக்கிட்டே இரு தாயி. கை வைக்காத" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அரை மணி நேரம் கழித்து வந்தார்.

"வெளிச்சம் எந்தப் பக்கத்துலருந்து வருது?"

எனக்குத் தெரியவில்லை.

"மூக்கு நிழலப் பாரு. வெளிச்சத்தக் கேட்டா சொல்லாது, நிழலு சொல்லும்."

பிறகு கன்னத்தில் ஒரு புள்ளியைக் காட்டினார். பருவா, மச்சமா? பரு என்றேன். "மச்சம். விளிம்பு வட்டமா இருக்கு பாரு. மச்சத்த எடுத்தா ஆளே மாறிரும். பள்ளிக்கூட சர்டிபிகேட்டுல அங்க அடையாளம்னு அதத்தான எழுதியிருக்கான்." அன்று முழுக்க நான் பென்சிலைத் தொடவில்லை. எதைத் தொடக்கூடாது என்று பார்ப்பதிலேயே பொழுது போயிற்று.

1999-இல் ஸ்டுடியோவுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. போட்டோஷாப் 5. என்னை ஆறு வாரப் பயிற்சிக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டு பேருக்கு மூன்று மெஷின். மீதி நேரமெல்லாம் நோட்ஸ். ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதினோம்: பில்டர் மெனு, பிளர், காசியன் பிளர், ரேடியஸ் 3, ஓகே. செலக்ட் மெனு, பேதர், 5, ஓகே. நாற்பது பக்கம். நான் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு மெனு வரிசை சொல்வேன்.

ஸ்டுடியோவில் உட்கார்ந்த முதல் நாளே அந்த நோட்டு கைவிட்டது. சென்டரில் எங்களுக்குக் கொடுத்த பயிற்சிப் படம் 640 பிக்சல் அகலம். அதில் ஆளைச் சுற்றி 5 பிக்சல் பேதர் கொடுத்தால் விளிம்பு இதமாகக் கலக்கும். ஸ்டுடியோவில் ஸ்கேன் செய்த படம் அதைவிட நாலைந்து மடங்கு பெரியது. அதே 5 போட்டால் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியது போலத் தெரிந்தது. நான் மறுபடி மறுபடி 5 போட்டேன். எண்ணைச் சொன்ன யாரும், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. இருபத்தைந்து வருடம் கழித்து இன்றைய வீடியோ பாடங்களில் "ஒபாசிட்டி 40 வச்சுக்கங்க பிரெண்ட்ஸ்" என்ற குரலைக் கேட்கும்போதெல்லாம் அந்த நோட்டுதான் ஞாபகத்துக்கு வருகிறது. வீடியோவாக மாறியதே தவிர, அது இன்னும் நோட்ஸ்தான்.

எனக்கு உண்மையில் சொல்லிக்கொடுத்த முதல் வீடியோ, 2003 வாக்கில் மதுரையிலிருந்து ஒரு கலர் லேப்காரர் கொண்டுவந்து தந்த சிடி. அதற்கு முன் ஒரு விசிடி கிடைத்திருந்தது. டிவியில் போட்டுப் பார்க்கிற ரகம். விசிடியின் படம் 352க்கு 288 புள்ளிதான். கல்யாண கேசட்டுக்கு அது போதும். மெனுவில் உள்ள எழுத்தைப் படிக்கப் போதாது. அம்புக்குறி எதன் மேல் நிற்கிறது என்று தெரியாமல் ஒரு மணி நேரப் பாடத்தைக் கேட்டேன். மதுரை சிடி கம்ப்யூட்டரிலேயே ஓடியது. பேசியவர் அமெரிக்கர். அவருடைய ஆங்கிலத்தில் பாதிகூட எனக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் ஆறு வாரத்தில் வராத லேயர் மாஸ்க் இரண்டு நாளில் வந்தது.

ஏன் வந்தது என்று அப்போது யோசிக்கவில்லை. பிறகு நானே பாடம் எடுக்கும்போதுதான் அந்த சிடியைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். அந்த மனிதர் ஓரிடத்தில் க்ளிக் செய்வதற்கு முன் மவுஸை அங்கே கொண்டுபோய் நிறுத்துவார். ஒரு மூச்சு நேரம் நிற்கும். என் கண் அங்கே வந்து சேர்ந்த பிறகுதான் அழுத்துவார். மாஸ்கில் கறுப்பு பூசும்போது ஒருமுறை தோள்பட்டையும் சேர்ந்து அழிந்துவிட்டது. ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். எக்ஸ் அழுத்தி வெள்ளைக்கு மாறி, தோள்பட்டையைத் திரும்ப வரவழைத்தார். அந்த இடத்தில் நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அழிந்தது அழியவில்லை, மறைந்துதான் இருக்கிறது! மாஸ்க் என்றால் என்ன என்பதை எனக்குச் சொன்னது அவருடைய விளக்கமல்ல, அவர் செய்த தவறு. அதை அவர் எடிட் செய்து எடுத்திருந்தால் எனக்கு இன்னும் ஒரு வருடம் ஆகியிருக்கும்.

மென்பொருளும் அதற்கு இடம் கொடுத்திருந்தது. லேயர் வந்தது 1994-இல், போட்டோஷாப் 3-இல். அதற்கு முன் ஒட்டியது ஒட்டியதுதான். பல படி பின்னோக்கிப் போகிற ஹிஸ்டரி 1998-இல், பதிப்பு 5-இல்தான் வந்தது. அதுவரை ஒரே ஒரு அன்டூ. தவறு செய்து காட்டிவிட்டுத் திரும்பி வரலாம் என்ற வசதி ஆசிரியருக்குக் கிடைத்ததே அப்போதுதான். அண்ணாச்சிக்கு அது இல்லை. அதனால்தான் என்னை அரை மணி நேரம் பார்க்க வைத்தார்.

இந்த மென்பொருளே செய்து காட்டித்தான் உலகத்துக்கு அறிமுகமானது. தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள் அதை உருவாக்கிக்கொண்டிருந்த நாளில், ஜான் தன் காதலி ஜெனிபர் போரா போரா தீவுக் கடற்கரையில் உட்கார்ந்திருக்கும் படத்தை வைத்துத்தான் பல இடங்களில் செய்து காட்டினார். ஜெனிபர் பிறகு அவர் மனைவியானார். கடல், மணல், தூரத்தில் தீவு, முதுகு காட்டி ஒரு பெண். பார்ப்பவர் கண் முன்னாலேயே அந்தப் பெண்ணை இரண்டாக்குவார். 1990 பிப்ரவரியில் போட்டோஷாப் 1.0 வந்தது. ஜான் செய்முறையைச் சொல்லாமல் ஒரு படத்தைக் காட்டி, அதில் என்ன செய்யப்போகிறேன் என்று தொடங்கினார் பாருங்கள், நல்ல வீடியோ பாடம் இன்றும் அப்படித்தான் தொடங்குகிறது.

2008-இல் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து யூடியூபில் பாடம் பார்த்தேன். அந்தக் காலத்தில் ஒரு வீடியோ பத்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது. அந்தக் கட்டுப்பாடு ஆசிரியர்களுக்குத் தொல்லையாக இருந்திருக்கும். எனக்கு நல்லதாகப் போயிற்று. ஒரு வீடியோவில் ஒரே விஷயம். முடியைப் பின்னணியிலிருந்து வெட்டி எடுப்பது ஒன்று, நிறம் சரிசெய்வது ஒன்று. எழுதிக்கொண்டு ஓடிவந்து ஸ்டுடியோவில் செய்து பார்ப்பேன். வரும் வழியில் பாதி மறந்துவிடும். மறந்த பாதியை நானே யோசித்துக் கண்டுபிடித்தேன். அப்படிக் கண்டுபிடித்தது எதுவும் இன்றுவரை மறக்கவில்லை.

2010-இல் சொந்தமாகச் சின்ன ஸ்டுடியோ போட்டேன். 2016-க்குப் பிறகு டேட்டா மலிந்தது. இப்போது என்னிடம் வேலை பழகுகிற பையனுக்கு 19 வயது. அவன் கையில் உலகத்துப் பாடமெல்லாம் இருக்கிறது. ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்ப்பான். குரலே இல்லாமல், பின்னணியில் தடதடவென்று இசை ஓட, முப்பது விநாடியில் ஆளின் பின்னணி மாறி, வானம் மாறி, முகம் பளிங்காகிற ரகம். ஒருநாள் என்னிடம் சொன்னான்:

"பாக்கும்போது எல்லாம் புரியுதுக்கா. உக்காந்தா கை வரமாட்டேங்குது."

இந்த ஒரு வாக்கியத்தை அமெரிக்காவில் சூசன் பால்மிட்டர், ஜே எல்கர்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1990-களின் தொடக்கத்திலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஹைப்பர்கார்டு என்ற மென்பொருளில் ஒரு பிரிவினருக்குத் திரையில் செய்து காட்டினார்கள். இன்னொரு பிரிவினருக்கு அதையே எழுத்தில் கொடுத்தார்கள். அன்றைக்குச் செய்து காட்டப்பட்டவர்கள்தான் வேகம். ஒரு வாரம் கழித்துத் திரும்பச் செய்யச் சொன்னபோது எழுத்தில் படித்தவர்கள் முந்திவிட்டார்கள். பார்த்தவர்கள் அம்புக்குறியின் பின்னால் போயிருக்கிறார்கள். படித்தவர்கள் ஒவ்வொரு படியையும் தாங்களே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பிரவுசிங் சென்டரிலிருந்து ஸ்டுடியோவுக்கு நான் நடந்த தூரம் என்னை எழுத்துப் பிரிவில் சேர்த்திருக்கிறது. பையனுக்கு அந்த நடை இல்லை. அவன் கெட்டிக்காரன், என்னைவிட விரல் வேகம். குறை அவனிடம் இல்லை.

இதற்கு ஒரு நல்ல வழியை மும்பை ஐஐடியில் தொடங்கிய ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் பார்த்தேன். ஒவ்வொரு பாடமும் பத்து நிமிட அளவு. திரையில் பாதியில் வீடியோ, மறுபாதியில் மென்பொருள். பாடம் எடுப்பவர் ஒரு படி செய்ததும் வீடியோவை நிறுத்து, நீ செய், பிறகு ஓட்டு. தனியாக உட்கார்ந்து படிப்பவருக்காகவே எழுதி, சரிபார்த்து, தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றில் குரல் கொடுத்திருக்கிறார்கள். காசில்லாமல் கிடைக்கும் கிம்ப் மென்பொருளுக்கும் பாடம் உண்டு. மெனு பெயர் திரையில் உள்ளபடி, விளக்கம் நம் மொழியில். அலங்காரம் எதுவும் கிடையாது. என் பையன் "ஸ்லோவா இருக்குக்கா" என்றான். நிறுத்தி நிறுத்திச் செய்ததும் அந்த வாரமே அவன் கைக்கு மாஸ்க் வந்தது.

2020 ஊரடங்கில் கல்யாணமும் இல்லை, ஸ்டுடியோவும் திறக்கவில்லை. அப்போதுதான் தமிழில் நானே பாடம் பதிவு செய்யத் தொடங்கினேன். முதல் பாடம் 42 நிமிடம். பழைய படத்தைச் சரிசெய்வது பற்றி எனக்குத் தெரிந்த அத்தனையும் அதில் இருந்தது. பெரும்பாலானவர்கள் ஐந்தாறு நிமிடத்தில் விலகிப் போயிருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, 2014-இல் பிலிப் குவோவும் அவருடன் இருவரும் எட்எக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதை அலசி, பாடம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவர்களில் பாதிப் பேராவது ஆறு நிமிடத்துக்குள் விலகிவிடுகிறார்கள் என்று கண்டிருக்கிறார்கள். அதே ஆய்வில் எனக்கு ஆறுதல் தந்தது இன்னொரு செய்தி: செய்முறைப் பாடங்களை மாணவர்கள் விரிவுரை மாதிரிப் பார்ப்பதில்லை, தேவையான இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள். அப்படியானால் விலகிப் போனவர்களில் சிலராவது மென்பொருளைத் திறந்துவைத்துக்கொண்டு திரும்பி வந்திருப்பார்கள். ஒரு இடத்தைத் தேடி வருகிறவருக்கு அந்த இடம் கண்ணில் படுகிற மாதிரி நான் பாடத்தைக் கட்டவில்லை, அவ்வளவுதான்.

அந்த 42 நிமிடத்தை ஏழு பாடமாக வெட்டினேன். வெட்டும்போது ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கேள்வி வைத்தேன். மடிப்புக் கோட்டை எப்படி எடுப்பது? மஞ்சளாகிப்போன படத்தை எப்படி மீட்பது? பேசியதையெல்லாம் அடியில் எழுத்தாகவும் ஓடவிட்டிருந்தேன், அதை எடுத்துவிட்டேன். காதில் கேட்பதையே கண்ணும் படித்துக்கொண்டிருந்தால் படத்தை யார் பார்ப்பது? ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளர் இதைச் சோதனை செய்தே காட்டியிருக்கிறார். மெனு பெயரும் அழுத்துகிற சாவியும் மட்டும் திரையில் தெரியும்படி வைத்தேன். சாவி முக்கியம். ஓரிடத்தை நகலெடுத்து இன்னோரிடத்தில் பூசுகிற க்ளோன் ஸ்டாம்பில் நான் ஆல்ட் அழுத்தியதைப் பார்ப்பவர் எப்படி அறிவார்? மவுஸ் தெரியும், இடது கை தெரியாது. பாதிப் பேருக்கு க்ளோன் வராததற்குக் காரணமே அந்தத் தெரியாத இடது கைதான்.

எண்களுக்குப் பதில் எண் பிறக்கிற இடத்தைக் காட்டினேன். பேதர் எவ்வளவு? படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். தோள்பட்டையின் ஓரம் பின்னணியோடு கலக்கிற இடத்தில் எத்தனை பிக்சல் மங்கலாக இருக்கிறது? எண்ணுங்கள். மூன்றா, பத்தா? அதுதான் உங்கள் படத்துக்கான அளவு. என் படத்தின் அளவு உங்களுக்கு உதவாது. இதைச் சொன்ன பாடம் நான்கு நிமிடம்கூட இல்லை. அந்த நாற்பது பக்க நோட்டுக்கு நான் கடைசியாகக் கொடுத்த பதில் அது.

பாடம் எந்தப் படத்தை வைத்து எடுக்கப்படுகிறது என்பது பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வெளிநாட்டுப் பாடங்களில் சாம்பல் சுவருக்கு முன்னால் ஒரு மாடல் நிற்பார். கூந்தல் தனித்தனி இழையாகப் பிரிந்திருக்கும். நம்மிடம் வருகிற கல்யாணப் பெண் தலை நிறைய மல்லிகையோடு, மண்டபத்துப் பச்சைத் திரைக்கு முன்னால் நிற்கிறாள். கறுப்புக் கூந்தலும் வெள்ளைப் பூவும் ஒரே தலையில். படத்தின் நிறச் சேனல்களைப் பிரித்துப் பாருங்கள். பச்சைச் சேனலில் திரை வெளுத்துக் கூந்தல் கறுத்துத் தெரியும். கூந்தலின் ஓரத்தை அங்கே பிடிக்கலாம். பூவோ அதில் திரையோடு சேர்ந்து மறைந்துவிடும். சிவப்புச் சேனலுக்குப் போனால் திரை இருண்டு, பூ பளிச்சென்று நிற்கும். கூந்தல் இருட்டில் போய்விடும். ஆக, கூந்தலுக்கு ஒரு மாஸ்க், பூவுக்கு ஒரு மாஸ்க், இரண்டையும் சேர்க்க வேண்டும். இதை நான் எந்த வீடியோவிலும் பார்க்கவில்லை. மூன்று முகூர்த்தம் போராடிக் கற்றேன். அதனால் என் பாடங்களோடு அந்தப் படத்தையும் இறக்கிக்கொள்ளும்படி கொடுக்கிறேன், பெண் வீட்டார் அனுமதியோடு. கையில் அதே படம் இல்லாமல் பாடம் பார்ப்பது, பக்கத்து வீட்டில் கொதிக்கிற குழம்பை முகர்ந்து பார்ப்பது மாதிரி.

மெனு மாறிக்கொண்டே இருக்கும். 2018 கடைசியில் வந்த பதிப்பில் கண்ட்ரோல் இசட்டின் பழக்கத்தையே மாற்றினார்கள்; அதுவரை ஒரு படிதான் பின்னால் போகும், இப்போது அழுத்த அழுத்தப் போய்க்கொண்டே இருக்கும். அந்த வருடத்துக்கு முந்தைய பாடங்களெல்லாம் அந்த ஓரிடத்தில் பழசாகிவிட்டன. 2023-இல் ஜெனரேட்டிவ் பில் வந்தது. தேர்ந்தெடுத்து, வேண்டியதை எழுதினால் போதும், அதுவே வரைந்துகொள்ளும். இனிப் பாடம் எதற்கு என்று என்னிடமே கேட்டார்கள்.

போன வருடம், எட்டயபுரம் பக்கத்திலிருந்து ஒரு சம்சாரி வந்தார். அம்மாவின் முதல் வருஷ நினைவு நாள். இருப்பது ஒரே படம். பழைய கல்யாணக் குரூப் போட்டோ, அதில் அம்மாவின் முகம் கட்டைவிரல் நகம் அளவு. முகத்தின் குறுக்கே மடிப்பு. அதைப் பெரிதாக்கி, மாலை வைத்து, பிரேம் போட வேண்டும். நான் வெளியூரில் இருந்தேன். பையன் ஒரு பாடத்தைப் பார்த்துக்கொண்டே அந்த மாதிரிக் கருவியால் நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டான். மடிப்பு போய்விட்டது, தோல் தெளிந்துவிட்டது, கண் பளபளத்தது. அவர் வந்து வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தாராம்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா எங்க அம்மா இல்லையே இது."

மறுநாள் நான் வந்ததும் பையனின் முகம் வாடியிருந்தது. "பாடத்துல சொன்ன மாதிரியே செஞ்சேங்க்கா." உண்மை. படி தவறாமல் செய்திருந்தான். ஒரிஜினலை 1200 டிபிஐயில் திரும்ப ஸ்கேன் பண்ணச் சொன்னேன். திரை நிறைய அந்த முகத்தை வைத்தேன்.

"மவுச அந்தப் பக்கம் தள்ளி வை. என்ன தெரியுது, சொல்லு."

முதலில் மடிப்பைச் சொன்னான். பிறகு தூசி. பிறகு புள்ளி. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "காது என்னக்கா இப்படித் தொங்குது? கிழிசல்னு நெனச்சுட்டேன்."

பாம்படம் என்ற கனத்த காதணி போட்டு வளர்த்த காது. கரிசல் காட்டுக் கிழவிகளுக்குத் தோளைத் தொடும்படி தொங்குகிற சோணை. இவன் பாட்டி காலத்திலேயே அது அருகிவிட்டது. அவன் நேரில் பார்த்ததில்லை. மெஷினும் பார்த்ததில்லை போலிருக்கிறது. தொங்கிய சதையைக் கழுத்து நிழலோடு கரைத்துவிட்டு, சின்னதாக, அழகாக ஒரு காதை வைத்திருந்தது. பாடம் எடுத்தவர் பேரில் எனக்குக் கோபம்தான் வந்தது. சுருக்கம், மடிப்பு, கறை, புள்ளி என்று அத்தனையையும் ஒரே வீச்சில் எடுப்பதைக் காட்டியவர், முகத்தை ஒரு நிமிடம் பார் என்று மட்டும் சொல்லவில்லை.

சம்சாரிக்குப் போன் போட்டேன். படத்தில் காது வெறுமையாக இருக்கிறதே, பாம்படம் போடுகிற வழக்கம் இல்லையா என்று கேட்டேன். "போட்டிருந்தாங்கம்மா. அது எங்க அக்கா கல்யாணத்துல எடுத்த போட்டோ. கல்யாணச் செலவுக்கு அதத்தான் வித்தாங்க."

அதற்குப் பிறகு வேலை செய்தோம். மடிப்பு வலது காதின் மேல் ஓடியிருந்தது. இடது காதை எடுத்துத் திருப்பி ஒட்டிவிடலாம் என்றான் பையன். பாடங்களில் அப்படித்தான் காட்டுகிறார்கள். மூக்கு நிழல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். பார்த்தான். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து. திருப்பி ஒட்டினால் நிழல் தப்பான பக்கம் விழும். ஆகவே வடிவத்தை மட்டும் இடது காதிலிருந்து எடுத்து, கர்வ்ஸில் இருளாக்கி, மாஸ்கில் மெல்ல மெல்லக் கொண்டுவந்தோம். ஒரு முழு மாலை ஆயிற்று. சுருக்கத்தைத் தொடவில்லை. இடது புருவத்தின் மேல் ஒரு மச்சம் இருந்தது, அதையும் விட்டுவிட்டோம். 12க்கு 15 அளவில் பிரிண்ட் போட்டோம். வாங்க வந்தவர் பிரேமைக் கையில் பிடித்துக்கொண்டு, காது இருந்த இடத்தில் கண்ணாடி மேல் விரலை வைத்தார்.

அவர் அனுமதியோடு அந்த வேலையைப் பாடமாக்கினோம். குரல் பையனுடையது. 5 நிமிடம் 50 விநாடி. முதல் 40 விநாடி திரையில் அந்த முகம் மட்டும்தான், அம்புக்குறி அசையாது. "வெளிச்சம் எந்தப் பக்கத்துலருந்து வருதுன்னு பாருங்க" என்று ஆரம்பித்து, காதைப் பற்றி, மச்சத்தைப் பற்றிக் கேட்கிறான். வீடியோ நின்றுவிட்டதா என்று சிலர் கேட்டிருந்தார்கள். அந்த 40 விநாடியைக் குறைக்கலாமா என்று பையன் கேட்டான்; குறைக்க வேண்டாம் என்றேன்.